கொஞ்சம் வலிக்குது

குடும்பத்தில் அக்காவுக்குப் பட்டப்பெயர் 'அறிவிப்பு'. பேருந்து நிலையத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வதுதான் ஓய்வு பெறும்வரை அவள் பார்த்த வேலை. அந்தக் கூண்டுக்குள் அவளைப் போல ஒரு உத்தமி கிடையாது. வண்டி பத்து நிமிடம் தாமதம் என்றால் பத்து நிமிடம்தான். கூட்டவும் மாட்டாள், பயணிகள் மனம் நோகுமே என்று குறைக்கவும் மாட்டாள். ஆனால் ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் உண்மையே பேசிக்கொண்டிருப்பாள்? வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அத்தனைக்கும் சேர்த்து ஈடுகட்டிவிடுவாள்.

கால் நகம் மடிந்தால் "உயிர் போகுது". தலைவலித்தால் "மண்டைக்குள்ள யாரோ ஆணி அடிக்கிறாங்க". ஏப்பம் வராவிட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பாத்திரம் எந்தப் பிள்ளைக்கு என்று பாகம் பிரிக்கவே தொடங்கிவிடுவாள். ஒவ்வொரு தடவையும் கடைசி நேரத்தில் ஏப்பம் வந்து, பாத்திரங்கள் பழைய இடத்துக்கே போய்ச் சேரும். அவள் கணவர் நல்ல மனிதர். செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலேயே "அப்படியா?" என்று கவலையோடு கேட்கும் கலையில் கரை கண்டவர்.

தங்கை இரண்டு தெரு தள்ளி சலவைக் கடை வைத்திருந்தாள். காலையில் அக்காவின் ஃபோன் வரும். அதை ஸ்பீக்கரில் போட்டு மேசை ஓரத்தில் சாய்த்துவிட்டு, அவள் பாட்டுக்குக் காலர்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். நடுநடுவே ஒரு "ம்ம்". துணி வாங்க வருகிறவர்கள்கூட, "அக்காவுக்கு இன்னைக்கு எந்தப் பக்கம்?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தங்கைக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கே தெரியாது. நோய் அக்காவின் இலாகா, ஆரோக்கியம் தங்கையின் இலாகா. இந்தப் பிரிவினையில் இரு தரப்புக்கும் ஆட்சேபம் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை அக்கா சொன்னாள்: "இடது விலாவுல எரியுதுடீ. உன் இஸ்திரிப்பெட்டியை வச்சுட்டு, எடுக்கவே மறந்துட்ட மாதிரி."

"ம்ம். சூடு பிடிச்சிருக்கும். தண்ணி குடி."

"தோல் மேல ஒண்ணுமே இல்லடீ. அதான் பயமா இருக்கு."

"ஒண்ணும் இல்லைன்னா சந்தோஷப்படுவியா, அதுக்கும் அழுவியா?"

தங்கையின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டு முதல் முழங்கை வரை பழைய சூட்டுத் தழும்புகள். இஸ்திரிப்பெட்டியின் சூட்டைப் பற்றி அக்கா தனக்கே பாடம் எடுப்பதா என்று சின்ன எரிச்சல். அடுத்தடுத்த நாள்களில், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் கிளம்பியிருக்கிறது என்று தகவல் வந்தது. உள்ளாடைப் பட்டை உரசியிருக்கும், பவுடர் போடு என்று தீர்ப்பு வழங்கப்பட்டது. பிறகு ஒரு காலை ஃபோனே வரவில்லை. தங்கைக்கு நிம்மதியாக இருந்தது. அதற்கடுத்த காலையும் வராதபோது கடை ஏதோ போல் இருந்தது. நண்பகலில் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய்ப் பார்த்தாள்.

அக்கா கட்டில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் கணவரின் தொளதொளத்த சட்டை. அதையும் உடம்பில் படவிடாமல், ஒரு கையால் முன்னால் இழுத்துப் பிடித்திருந்தாள். மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. அத்தான் கையில் செய்தித்தாள் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய அபாய அறிகுறி கிடையாது.

"என்னக்கா?"

"ஒண்ணும் இல்லடீ. கொஞ்சம் வலிக்குது."

 'கொஞ்சம்' என்ற சொல்லை அக்கா வாயிலிருந்து தங்கை கேட்டதே இல்லை.

"ஏன்க்கா ஃபோன் பண்ணல?"

"பண்ணி என்ன சொல்றது? உயிர் போகுதுன்னு நகத்துக்கே சொல்லியாச்சு. இவர் 'அப்படியா'ம்பாரு, நீ 'ம்ம்'ம்ப. இதுக்குன்னு தனியா என்ன வார்த்தை இருக்கு, சொல்லு."

தங்கை ஒரு வாடகை வண்டியைக் கூப்பிட்டாள்.

டாக்டரம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முதுகெலும்பிலிருந்து கிளம்பி, இடது விலாவைச் சுற்றி, நெஞ்சின் நடுவில் யாரோ கோடு போட்டுத் தடுத்ததுபோல் நின்றுவிட்டிருந்தன கொப்புளங்கள். வலது பக்கம் சுத்தமாக இருந்தது.

"அக்கி. கொப்புளம் வந்த மூணு நாளுக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா நல்லா கேட்டிருக்கும். பரவாயில்ல, இப்பவும் தர்றேன். ஏன் இவ்வளவு லேட்டு? வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னாங்க," என்றார் அத்தான்.  தங்கை சுவரிலிருந்த கண் பரிசோதனை அட்டையை மிகுந்த கவனத்தோடு படித்தாள்.

சின்ன வயதில் அம்மை போட்டதா என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் போட்டுச்சு," என்றாள் அக்கா. "முதல்ல எனக்கு. இவளுக்கு நான்தான் கொடுத்தேன்."

அந்த அம்மைக் கிருமி போவதே இல்லையாம். நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்குமாம். வயதாகி உடம்பு அசந்தால், அதே கிருமி அக்கியாக எழுந்து வருமாம். விளக்கிவிட்டு டாக்டர் தங்கையின் பக்கம் திரும்பினார்.

"உங்க வயசு?"

"ஐம்பத்தெட்டு. எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"ஒண்ணும் இல்லாதப்பவே தடுப்பூசி போட்டுக்கணும். ரெண்டு தடவை. அக்காவுக்கும் இது ஆறினப்புறம் போடலாம், திரும்ப வராம இருக்க."

"போட்டா வரவே வராதா?"

"அப்படி உத்தரவாதம் தரமாட்டேன். பெரும்பாலும் வராது. வந்தாலும் இப்படிப் போட்டு வதைக்காது. கை வலிக்கும், ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல், அசதி இருக்கலாம்."

"பார்க்கலாம்," என்றாள் தங்கை. நம் பாஷையில் 'மாட்டேன்' என்பதற்கு இதைவிட மரியாதையான சொல் இல்லை.

கடைக்குத் திரும்பியதும் காரணம் சேகரிக்கத் தொடங்கினாள். கோட்டு வாங்க வந்தவரின் ஒன்றுவிட்ட தம்பி, ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் படுத்தே கிடந்தாராம். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி, தானும் போட்டுக்கொண்டதாகவும் மறுநாளே பாடம் எடுக்கப் போனதாகவும் சொன்னாள். அது தங்கையின் காதில் அவ்வளவாக விழவில்லை. இஸ்திரிப்பெட்டியிலிருந்து எழும்பிய நீராவிக்கு நடுவே ஒரு நாள் அவளுக்கே புரிந்தது, காரணம் காய்ச்சலே இல்லை என்று. சட்டைக் கையை மடித்து ஊசிக்கு நீட்டினால், அக்கா சொன்னதெல்லாம் நிஜம் என்று ஆகிவிடும். ஆனால், தான் சொன்ன "ம்ம்"மை எந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்பது?

கொப்புளங்கள் காய்ந்து உதிர்ந்தன. பார்க்க வந்த உறவுக்காரர்கள் "ஆறிடுச்சே!" என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். வலி மட்டும் போகவில்லை. அக்கா கேட்டவர்களுக்கெல்லாம் "பரவாயில்ல" என்றாள். சட்டையை இழுத்துப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

தங்கை பழைய பருத்திச் சட்டை ஒன்றைத் தேடி எடுத்தாள். கஞ்சி போடாமல், திரும்பத் திரும்ப அலசி, தையல் வெளிப்பக்கம் வரும்படி புரட்டித் தைத்தாள். அவளுடைய கடையில் அதைவிட மெத்தென்ற துணி கிடையாது. கொண்டுபோய்த் தன் கையாலேயே போட்டுவிட்டாள். துணியின் ஓரம் விலாவில் பட்டது, அவ்வளவுதான். அக்காவின் உடம்பு முழுக்க ஒரு உதறல் உதறியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை.

"நல்லா இருக்குடீ," என்றாள், கண்ணைத் திறந்து. பிறகு, "அந்த ஊசியைப் போட்டுக்கோயேன். பெருசா எதுவும் சொல்லல. சும்மா சொல்றேன். உனக்குள்ள தூங்குறது நான் கொடுத்ததுடீ."

தங்கை அந்தச் சட்டையை மெதுவாகக் கழற்றி மடித்தாள். மடிக்கத் தெரிந்தவள்தான். அன்றைக்கு மடிப்பு கோணலாகத்தான் வந்தது.

அடுத்த முறை அக்காவும் அத்தானும் டாக்டரிடம் போனபோது தங்கையும் கூடப் போனாள்.

"வலி பத்துக்கு எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார் டாக்டர்.

அக்கா யோசித்தாள். ஏப்பத்துக்கே நூற்றுக்கு நூறு கேட்டு வாங்கியவள். "நாலு," என்றாள். "நாலு போடுங்க, போதும்."

டாக்டர் கணினியில் நாலு என்று தட்டினார். "அப்ப இதே மாத்திரையைத் தொடரலாம்."

"எட்டு," என்றாள் தங்கை.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"எட்டுன்னு மாத்துங்க டாக்டர். துணி பட்டாலே துடிக்கிறா. ஒருக்களிச்சுப் படுத்து எத்தனையோ நாளாச்சு. நாலுன்னு சொன்னாத்தான் நாம நம்புவோம்னு நினைக்கிறா."

"உனக்கு என்னடீ தெரியும்?" என்றாள் அக்கா. 

"தெரியும். சும்மா இரு."

டாக்டர் திரும்பத் தட்டினார். நரம்பு வலிக்கென்றே தனி மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டலாம், நாளாகும், ஆனாலும் தணியும் என்றார். அக்கா தலையாட்டிக்கொண்டே அழுதாள். அத்தான் சட்டைப்பையில் கைக்குட்டையைத் தேடினார். அது அகப்படவில்லை. மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார்.

தங்கை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் இன்னைக்கே போட்டுடுங்க. ரெண்டாவதுக்கு எப்ப வரணும்னு இவகிட்டயே சொல்லுங்க, மறக்கமாட்டா."

"காய்ச்சல் வரலாம்னு சொன்னேனே?"

"வரட்டும். நாளைக்குக் கடை லீவு."

நர்ஸ் பஞ்சோடு வந்து, எந்தக் கையில் போடட்டும் என்று கேட்டாள்.

"இடது கை," என்றாள் தங்கை, சட்டைக் கையை மேலே சுருட்டியபடி. "வலது கைதான் தேய்க்கிற கை."