ரொஸெட்டியின் பிறைக்கத்தி

ஆறுமுகப்பெருமாள் பம்பாயில் என்ன வேலை செய்தார் என்பது அஞ்சுகிராமம் பக்கத்திலிருந்த அவருடைய ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ‘ஓட்டலில் மாவு வேலை’ என்றே எப்போதும் சொல்லிவந்தார்.

அது பொய்யில்லை. ரொஸெட்டி என்ற இத்தாலியர் கடற்கரைச் சாலையில் நடத்திய விடுதி அது. வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள், மூலையில் பியானோ. கோட்டுப் போடாமல் வந்தால் கவர்னரின் மருமகனானாலும் வாசலோடு சரி. உள்ளே அடுக்களையின் ஓரத்தில் ஆறுமுகப்பெருமாள் கோதுமை மாவைப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து, நாடா நாடாக அறுத்துக் காயப்போடுவார். அவர் சைவம் என்று தெரிந்ததும் ரொஸெட்டி தனி மேசை கொடுத்தார். அதற்கும் இறைச்சி வெட்டும் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தட்டியும் நிறுத்தினார்.

உலகச் சண்டை வந்தபோது இத்தாலியர்கள் எதிரிகளானார்கள். ரொஸெட்டியை முகாமில் அடைத்தார்கள். அவர் மனைவி விடுதியை இழுத்துப் பிடித்து நடத்தினாள். திரும்பி வந்தவருக்கு வலது கை நடுங்கியது. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். பிறகு மதுவிலக்கும் வந்தது. ஒயின் இல்லாத மேசைக்கு யார் வருவார்? பியானோ விலைக்குப் போயிற்று. சமையற்காரர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள்.

மூடுகிற நாளில், மிச்சமிருந்த ஆட்களுக்குத் தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்று ரொஸெட்டி பிடிவாதமாக நின்றார். பிறைபோல வளைந்து இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் இறைச்சியைக் கொத்தத் தொடங்கினார். கத்தி வழுக்கி விரலில் ரத்தம் வந்தது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். ஆறுமுகப்பெருமாள் தட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து கத்தியை வாங்கினார்.

“நீ வேண்டாம்” என்றார் ரொஸெட்டி.

ஆறுமுகப்பெருமாள் கொத்தி முடித்தார். சாப்பிடவில்லை. ஊருக்குக் கிளம்பியபோது ரொஸெட்டி அந்தக் கத்தியை அவருக்கே கொடுத்தார்.

இரண்டு வருஷம் கழித்து மகள் வடிவாம்பாளுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம், சமையலுக்குப் போட்ட ஆக்குப்புரையில் சொந்தக்கார ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து காய் வெட்டுவது வழக்கம். பெண்ணைப் பெற்றவர் சாம்பல் பூத்த முதல் தடியங்காயை வெட்டி வைத்த பிறகுதான் மற்றவர்கள் கத்தியைத் தொடுவார்கள். கறிவேப்பிலையும் இஞ்சியும் பொடியாகக் கொத்த உதவும் என்று ஆறுமுகப்பெருமாள் அந்தக் கத்தியையும் கொண்டுவந்தார்.

“என்ன வே, தொட்டிலா இது?” என்றார் பங்காளி தாணப்பன். “பேரன் பொறக்கதுக்கு முன்னயே வாங்கியாச்சா?”

எல்லாரும் சிரித்தார்கள். மச்சினன் நாராயணபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை.

“அத்தான், அந்த ஓட்டல்ல எறச்சியும் உண்டும்லா? இந்தக் கத்தி அதத் தொட்டிருக்கா?”

இல்லை என்று ஒரு சொல் போதும். பந்தலில் குலைவாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வடிவாம்பாள் மருதாணி வைத்த கையை விரித்தபடி இருந்தாள். ஆனால் இல்லை என்றால், ரொஸெட்டி கையிலிருந்து எதைத்தான் வாங்கினோம்?

“தொட்டிருக்கு.”

“ஒங்க கை?”

“என் கையுந்தான்.”

தடியங்காய் நடுவில் கிடந்தது. தாணப்பன் வேறு பக்கம் பார்த்தார்.

“எந்திரிங்க, அத்தான். நான் வெட்டுகேன்” என்றார் நாராயணபெருமாள் தணிந்த குரலில். “மாப்பிள வீட்டுக்காரன் அறிஞ்சா எலையில கை வைப்பானா?”

ஆறுமுகப்பெருமாள் எழுந்தார். பேச்சு ஆக்குப்புரையைத் தாண்டவில்லை. மறுநாள் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பந்தி நடந்த பக்கம் போகவில்லை.

மகளை அனுப்பிவிட்டு வந்து மனைவி பகவதியம்மாள் கேட்டாள்: “இல்லன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிருக்கும்? பெத்த பிள்ளைக்கு ஒரு காய் வெட்ட முடியாமப் போச்சே.”

“அவரு கை நடுங்கிச்சு, பவதி.”

“யாரு கை?”

அதுவரை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. மேசைகள், பியானோ, மரத்தட்டி, முகாம், கடைசிச் சாப்பாடு என்று எல்லாவற்றையும் சொன்னார்.

பிறகு அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவிவிட்டு மறுபடியும் தேய்த்தாள். அடுக்களைக்குள் கொண்டுபோகவில்லை. தூர எறியவும் இல்லை. அடுக்களை வாசலுக்கு வெளியே இருந்த மாடக்குழியில், ஈரம் போகத் துடைத்து, வைத்தாள்.