ஜெபப் பலகையில் ஒரு வேட்பாளர்

இங்கே தேர்தல் நாளில் சர்ச் வாசலில் சாசேஜ் விற்கிறார்கள். மெல்போர்னில் என் மகள் வீட்டிலிருந்து ஏழு நிமிடம் நடந்தால் வரும் சர்ச் அது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உட்காரும் ஹாலில் நாற்காலிகளை ஓரங்கட்டிவிட்டு அட்டைத் தடுப்புகளை நிறுத்தியிருந்தார்கள். சிலுவைக்கு நேர் கீழே வாக்குப்பெட்டி. வெளியே பாஸ்டர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து, அதில் பாதியைத் தேர்தல் பிரிவில் கழித்த எனக்கு அதைப் பார்த்ததும் பக்தி வரவில்லை, பதற்றம்தான் வந்தது. நம் ஊரில் வழிபாட்டுத் தலத்தில் வாக்குச்சாவடி வைக்க முடியாது. கட்சி அலுவலகம் கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று டேப் பிடித்து அளந்தவன் நான். இங்கே அளக்க யாரும் இல்லை. ரொட்டியில் சாசேஜை வைத்து மடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கொடுத்தவர் க்ளென். ஓய்வுபெற்ற பிளம்பர், சர்ச்சின் சாவி அவரிடம்தான் இருக்கும். என் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்து, "மோசஸ், உங்கள் நாட்டில் கிறிஸ்தவர்கள் அரசியலுக்கு வருவார்களா?" என்று கேட்டார். "வாக்காளர் பட்டியல்வரை வருவார்கள்" என்றேன். நான் ஜோக் அடித்ததாக நினைத்து முதுகில் தட்டிவிட்டு, எனக்கு இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்றினார். எனக்கு இங்கே ஓட்டு இல்லை என்றேன். அதற்கும் "அதிர்ஷ்டக்காரன்" என்று சிரித்தார். ஓட்டுப் போடாவிட்டால் அபராதம் போடும் நாட்டில் அப்படித்தான் தோன்றும்.

அட்டையில் மோசஸ். பாஸ்போர்ட்டில் முருகேசன். இரண்டும் நான்தான் என்பதை க்ளெனுக்கு விளக்க ஒரு முறை முயன்றேன். "செல்லப் பெயரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு எப்படிச் சொல்வது? எங்கள் ஊர் கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். சர்ச் பதிவேட்டில் ஒன்று, சாதிச் சான்றிதழில் ஒன்று. ஆதிதிராவிடர் கிறிஸ்தவரானால் சட்டத்தின் கண்ணில் அவர் ஆதிதிராவிடர் இல்லை. தெருவின் கண்ணில் மட்டும் அப்படியே இருப்பார். ஆகவே ஞானஸ்நானம் தண்ணீரோடு நின்றுவிடும், தாலுகா அலுவலகம்வரை வராது. நானும் அப்படித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வேங்கிக்கால் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கிவரும் பொறுப்பு ஒவ்வொரு வருடமும் என்னுடையது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் டூட்டி போட்டால் திருநீறு பூசிக்கொண்டு நிற்பேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். அது என்னை ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. மனிதர்கள்தான் கேட்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தல். என் ஒன்றுவிட்ட அக்காவின் மகள் செல்வி, சர்ச்சில் எஸ்தர், வேங்கிக்கால் வீட்டுக்கு வேட்புமனுவோடு வந்தாள். எங்கள் தெரு இருக்கும் வார்டு ஆதிதிராவிடர் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதையை நிலக்காரர் ஒருவர் முள்கம்பி போட்டு அடைத்திருந்தார். அவள் அப்பா இறந்தபோது பெட்டியை நடவு வயலுக்குள் முழங்கால் சேற்றில் இறங்கித் தூக்கிப்போனோம். நடுவில் ஒருவன் வழுக்கி, பெட்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு அவள் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு வந்தாள். மனுவுக்கு எண் போட்டுக்கொடுத்தது எங்கள் அலுவலகம்தான்.

"மெம்பர் ஆயிட்டா பஞ்சாயத்துல தீர்மானம் போட வெச்சிடுவேன் மாமா. பாஸ்டர் கிட்ட கேட்டா, நமக்கு ஓட்டு போதும், சீட்டு வேணாம்னு சொல்றாரு. அரசியல்ல எறங்கினா ஆத்துமா கெட்டுடும்னாரு."

"அவரு ஆத்துமாவப் பார்த்துக்கட்டும். நீ சர்டிபிகேட்டப் பார்த்துக்கோ" என்றேன். பிறகு அவளுக்கு நடைமுறையைப் பாடம் எடுத்தேன். பரிசீலனையின்போது யாராவது ஆட்சேபம் சொன்னால், சான்றிதழை மட்டும் நீட்ட வேண்டும். ரத்து செய்யப்படாத சான்றிதழ் செல்லும். கும்பிடுவது யாரை என்று கேட்டால், சான்றிதழில் இருப்பதுதான் என்ற ஒரே பதில். "அவ்ளோதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். நானே அந்த ஒரே பதிலில் ஒரு வாழ்க்கையை ஓட்டியவன்.

கெடுத்தது பாஸ்டரின் மனமாற்றம். மனிதர் இரண்டு நாள் உபவாசம் இருந்து யோசித்திருக்கிறார். பிறகு ஆண்டவர் அனுமதி கொடுத்துவிட்டார் என்று சந்தோஷமாகி, சர்ச் வாசலில் இருக்கும் ஜெபப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்: 'தேர்தலில் நிற்கும் நமது சபை சகோதரி எஸ்தர் (செல்வி) வெற்றிக்காக ஜெபிக்கவும்.' ஜுரத்துக்கும், பரீட்சைக்கும், மாடு தொலைந்ததற்கும் எழுதும் அதே பலகை. அடைப்புக்குறிக்குள் சான்றிதழ்ப் பெயரையும் போட்டதுதான் அவருடைய பங்களிப்பு. எதிர்த்து நின்றவரின் மச்சான் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பரிசீலனைக்கு வந்துவிட்டார்.

ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் அலுவலருக்குப் பக்கத்து நாற்காலியில், உதவிக்கு நான். அவர் போனை என்னிடம் காட்டி, "முருகேசன், நீங்க அந்தப் பக்கம்தானே? இந்த அம்மாவைத் தெரியுமா?" என்றார். "தெரியாதுங்க சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அத்தனை வருடப் பழக்கம். செல்வி எனக்கு எதிரே நான்கடி தூரத்தில் நின்றிருந்தாள்.

அவர் அவள் பக்கம் திரும்பி, "நீங்க கிறிஸ்டியனாம்மா?" என்றார். அவள் சான்றிதழைக் கையில்தான் வைத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொடுத்த பதில் அவள் வாயில் வந்து நின்றதை நான் பார்த்தேன். பிறகு, "ஆமா சார். ஏசுவத்தான் கும்பிடறேன். இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றாள். மனு தள்ளுபடி. தள்ளுபடி ஆணையைத் தெளிவான கையெழுத்தில் எழுதியது நான். எதிர்த்து நின்றவர் போட்டியில்லாமல் மெம்பரானார். கம்பி அங்கேயே இருந்தது. வெளியே வந்ததும் செல்வி என்னிடம் கோபப்படவில்லை. "டீ சாப்பிடறீங்களா மாமா?" என்று மட்டும் கேட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கிறிஸ்தவர்கள் அரசியலில் ஈடுபடலாமா என்று இங்கே ஞாயிறு கூட்டத்தில் விவாதிக்கிறார்கள். பிஸ்கட் வைத்துக்கொண்டு, ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, இரண்டு தரப்பும் நன்றாகவே பேசுகிறார்கள். நான் வாய் திறப்பதில்லை. விலகி நிற்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவனுக்கு வரும் கேள்வி. செல்வியை யாரும் ஆத்துமாவுக்காக விலக்கவில்லை. அவள் பொய் சொல்ல மாட்டேன் என்றதற்காக விலக்கினார்கள். பொய் சொன்ன நான் அரசாங்கமாகவே உட்கார்ந்திருந்தேன்.

இங்கே தேர்தலுக்கு முந்தின வாரம் அவள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். ஊரில் மறுபடியும் உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது.

"மாமா, வார்டு பொதுவாயிடுச்சு. எஸ்தர்னு சொல்லிக்கிட்டே நிக்கலாம், யாரும் இன்னாத்தையும் காட்ட முடியாது. ஒரே ஒரு உதவி. நீங்க முன்மொழிஞ்சு கையெழுத்துப் போடணும். நம்ம வார்டு ஓட்டரு, ரிட்டையர்டு ஆபிசரு. நீங்க போட்டா ஊர்ல ஒரு மதிப்பு. ஃபாரத்த கொரியர்ல அனுப்பட்டா?"

அவள் கேட்டது கையெழுத்து மட்டுமல்ல. அன்று தெரியாது என்றவன் இன்று தெரியும் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். எனக்கு அது புரிந்தது. போடலாம். இனி என்னை யார் என்ன கேட்பார்கள்? ஆனால் முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். ஓய்வு பெற்றதும் ஊருக்கே திரும்பிய நான் அங்கே வாக்காளராகத்தான் இருந்தேன். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவன் பட்டியலில் நீடிக்கக் கூடாது என்று, விமானம் ஏறுவதற்கு முந்தைய வாரம், நீக்கல் படிவத்தை நானே பூர்த்தி செய்து நானே கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். செத்தவர்கள் பெயரே நீங்காத எங்கள் வார்டில், சொந்தப் பெயரை நீக்கச் சொல்லி மனுக்கொடுத்த ஒரே ஆள் நான்தான். வாங்கிக்கொண்ட பையன் இரண்டு தடவை கேட்டான், "உங்களுதேவா சார்?" என்று.

பெயரை நீக்கிவிட்டேன் என்று செல்வியிடம் சொன்னேன். "உங்கள யாரு மாமா எடுக்கச் சொன்னது?"

"ரூல்மா."

"சரி விடுங்க. வேற ஆள் பார்க்கறேன். நீங்க ஜெபம் பண்ணுங்க, போதும்." பிறகு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "போர்டுல மட்டும் எழுதிடாதீங்க."

க்ளென் கொடுத்த சாசேஜைத் தின்று முடித்துவிட்டு ஹாலுக்குள் போனேன். மகள் வரிசையில் நின்றிருந்தாள். கதவுக்குப் பக்கத்தில் இந்த சர்ச்சிலும் ஒரு பலகை உண்டு. வெள்ளைப் பலகை, நூலில் கட்டிய மார்க்கர். யாரோ ஒருவருடைய இடுப்பு ஆபரேஷனுக்காகவும் காணாமல் போன பூனைக்காகவும் ஜெபம் கேட்டிருந்தார்கள். பூனைக்குக் கீழே இடம் இருந்தது. 'எஸ்தர் (செல்வி)' என்று தமிழில் எழுதினேன். கேட்டவர் பெயரும் எழுத வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். மார்க்கரைப் பிடித்தபடி கொஞ்சம் நின்றேன். மோசஸ் என்று எழுதிவிட்டு, அடைப்புக்குறி போட்டு, முருகேசன் என்றும் எழுதினேன்.

கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு க்ளென் பக்கத்தில் வந்து பார்த்தார். "அழகான எழுத்து. யார் இவர்கள்?" என்றார்.

"எனக்குத் தெரிந்தவள்" என்றேன்.