கியர் தண்டில் இருந்த இரண்டு

மராங்கு மலைச் சரிவில் வண்டி ஓட்டுகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ஓட்டுநர் என்று சொல்லத் தகுந்தவர் அனயேலி ஒருவர்தான். இதை அவரே சொல்வார், சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. ஆனாலும் பொய் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, காப்பி மூட்டை சுமந்து, லாரி கழுவி, நாற்பது வயதில் சொந்த வேன் வாங்கிய மனிதர். அவர் கியர் மாற்றினால் மடியில் இருக்கும் குடுவையில் வாழைக்கள் தளும்பாது. தேவாலயப் பாடகர் குழு பத்தொன்பது வருடமாக வேறு வண்டியில் ஏறியதில்லை.

அந்த மனிதரின் இடது முழங்கால் கிளச்சை மிதித்து மிதித்தே தேய்ந்துபோனது. இனி கிளச் மிதித்தால் கைத்தடிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவர் மனைவி, மங்காவின் அம்மா அய்க்கருவா அதிகம் பேசவில்லை. பழைய வேனை விற்றாள், வாழைத்தார் விற்றுச் சேர்த்ததையும் போட்டாள், ஜப்பானிலிருந்து வந்த, கிளச் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் வேன் ஒன்றை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

ஆட்டோமேட்டிக் என்பது வண்டியே இல்லை, நாற்காலி என்று முப்பது வருடமாக ஊரைக் கூட்டிச் சொன்னவர் அனயேலி. மைத்துனன் கிசாமோவும் வேன் வைத்திருந்தான். அவன் சும்மா விடுவானா?

"என்ன மச்சான், நாற்காலி வந்து இறங்கிருச்சாமே? மெத்தை நல்லாருக்கா?"

பாடகர் குழுவின் தலைவி கிவேலு பூசி மெழுகத் தெரியாதவள். இந்த ஞாயிறு அடிவாரத்து ஹிமோவுக்கு உங்களோடு வருகிறோம், எங்களுக்குப் பயமாக இருந்தால் ஈஸ்டர் முதல் கிசாமோ வண்டிதான் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அனயேலிக்கு அன்றிரவு உகாலிக் களி இறங்கவில்லை. ஓட்டுகிற இருக்கையிலிருந்து இறங்கிவிட்டால் அவர் யார்?

ஞாயிறு காலை, எட்டுப் பேர் வண்டியில் பத்துப் பெண்கள் ஒரு மேளத்தோடு ஏறினார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் அவருடைய இடது கால் கிளச்சைத் தேடிப் போய், அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. பத்துப் பேரும் ஒருத்தி மடியில் ஒருத்தி. கடைத்தெருவில் மறுபடியும் அதேதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்க்கருவா குனிந்து, அவருடைய இடது கால் டயர்ச் செருப்பைக் கழற்றித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"செருப்பு இல்லன்னா இன்னிக்கு வேலை இல்லன்னு அந்தக் காலுக்கே தெரியும், மங்கா அப்பா."

அது சரியாகத்தான் இருந்தது. கால் அடங்கியது, பின்னால் பாட்டு கிளம்பியது. பாட்டு கேட்டதும் அவருக்குப் பழைய மிடுக்கு வந்துவிட்டது. பெரிய இறக்கத்தில் எங்கள் பக்கத்தில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்வதைச் செய்தார்: பெட்ரோல் மிச்சம் என்று தண்டை ஒரு தட்டுத் தட்டிக் கியரை எடுத்து வண்டியை ஃப்ரீயில் விட்டார்.

பழைய வேன் என்றால் வேகம் கூடியதும் இரண்டாம் கியரைப் போட்டு இழுத்துப் பிடிப்பார். இதில் முன்னால் போக ஒன்றுதான், அது இழுத்துப் பிடிக்காதே, எதைப் போடுவது? வண்டி பறந்தது. பிரேக்கை மிதித்தார், மிதித்தார். கருகல் வாடை வந்தது, மிதிகட்டை மெத்தென்று உள்ளே போனது. பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது.

இடது கை தானாகத் தண்டுக்குப் போனது. அதன் ஓரத்தில் எழுத்துகள். ஆங்கில எழுத்துக்கும் அவருக்கும் எந்த நாளும் ஒத்துப்போனதில்லை. முன்னால் போக இது, பின்னால் வர இது என்று அய்க்கருவா காட்டிய இரண்டைத் தவிர மற்றதெல்லாம் வெறும் கீறல். ஆனால் அந்தக் கீறல்களுக்கு நடுவே ஓர் எண் இருந்தது. மூட்டை மூட்டையாக எடை பார்த்தவருக்கு எண் தெரியாமல் போகுமா? இரண்டு.

பிரேக்கில் மிச்சமிருந்ததையெல்லாம் மிதித்து வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, தண்டை அந்த எண்ணுக்கு இழுத்தார். எஞ்சின் உறுமியது. பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்ததுபோல் வண்டி அடங்கி நடந்தது. முப்பது வருடம் கேட்ட உறுமல் அது.

"இதுக்குள்ளயும் ரெண்டாவது கியர் இருக்கு," என்றார், வேறு யாரிடமும் இல்லை, தண்டிடம்.

"இவ்வளவு நேரம் அதை எங்க வச்சிருந்தீங்க, பெரியவரே?" என்றாள் கிவேலு.

ஹிமோவில் சக்கரம் ஆறும்வரை எல்லோரும் மாமர நிழலில் நின்றார்கள். அனயேலி வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ஃப்ரீயில விட்டேன். தப்பு என்னுது. வண்டிமேல தப்பில்ல."

கிவேலு அவர் முகத்தைப் பார்த்தாள், கருகிய சக்கரத்தைப் பார்த்தாள். பிரேக்கை மெக்கானிக்கிடம் காட்டாமல் ஏற மாட்டோம் என்றாள். காட்டினார்கள். சாயங்காலம் அதே மலையை வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் ஏறியது, மேளம்கூட உருளவில்லை. வண்டியை விட்டு இறங்கும்போது, ஈஸ்டருக்கு ஆறு மணிக்கே வந்துவிட வேண்டும், மேளம் இரண்டாக இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கிசாமோ வாசலில் காத்திருந்தான்.

"டேய், உன் வண்டியில எல்லா கியரையும் நீ போட்டாகணும்," என்றார் அனயேலி. "என்னுதுல எனக்கு வேணுங்கிறப்ப மட்டும்தான் நான் போடுவேன்."

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி இறங்கி நடந்தார், ஒற்றைச் செருப்போடு. மற்றது இன்னும் அய்க்கருவா மடியில் இருந்தது.