டிக்கெட் எடுக்காத ஜெசிந்தா அக்கா

காலையில பேக்கரியில ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன்.

முதலியார்பேட்டையில எங்க காலனி அங்கன்வாடிக்குக் கூரை போட, டிக்கெட் வித்து வாணவேடிக்கை நடத்தப் போறோம்னு போன மாசம் சொன்னப்போ, சண்டைக்கு வந்த ஒரே ஆள் இவங்கதான்.

"சரவெடி சத்தம் கேட்டா எங்க முசியே மூணு நாள் சாப்பிட மாட்டான்"னாங்க. முசியே அவங்க நாய்.

அன்னைக்கு மனசுக்குள்ள நல்லா திட்டினேன். ஆனாலும் சரவெடி, அணுகுண்டையெல்லாம் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டு கலர் வாணம் மட்டும் வாங்கினோம். செலவு பாதியா குறைஞ்சுது. சத்தம் கம்மின்னு கேள்விப்பட்டு, கைக்குழந்தை வச்சிருக்கவங்க, வயசானவங்கன்னு குடும்பத்தோட வந்துட்டாங்க. நேத்து சாயங்காலம் மைதானத்துல நிக்க இடமில்லை. கூரைக்குப் போக, ஃபேன் வாங்கவும் பணம் தேறிடுச்சு.

"எல்லாம் உங்களாலதான்க்கா, ரொம்ப நன்றி"ன்னேன்.

"எனக்கெதுக்குப்பா நன்றி? நான் டிக்கெட்டே எடுக்கல. நானும் முசியேவும் மாடியிலேருந்து ஓசியில பார்த்தோம்."

முசியே ராத்திரி நல்லா சாப்பிட்டானாம்.

அடுத்த வருஷத்துக்கு யார் யாருக்கு என்ன குறைன்னு இப்பவே கமெண்ட்ல சொல்லிடுங்க. அங்கன்வாடிக்கு இன்னும் காம்பவுண்டு சுவர் பாக்கி இருக்கு.