மாமாவின் சர்க்கரையை நான் குணப்படுத்திய கதை

என் மாமாவின் சர்க்கரை நோயைக் குணப்படுத்தியவள் நான்தான். ஏழாம் வகுப்பு படிக்கும்போது இதைச் சாதித்தேன் என்று வெகுகாலம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். வேலைக்கான நேர்காணல் ஒன்றில்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நான் குறைமாதத்தில் பிறந்தவள். பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "எலிக்குஞ்சாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனதை அம்மா மன்னிக்கவே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பழிவாங்கவே என்னை வளர்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். நெய், நேந்திரம்பழம், பாலில் கரைத்த சத்துமாவு, பள்ளி விட்டு வந்ததும் பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன். கன்னம் உப்பி, மணிக்கட்டில் மடிப்பு விழுந்து, அம்மாவின் வெற்றியாக நான் சிங்காநல்லூர்த் தெருக்களில் நடமாடினேன். உயரம் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வகுப்பு வரிசையில் நான்தான் எப்போதும் முதலில் நின்றேன்.

அம்மாவுக்கு என்னிடம் இருந்த பெரிய மனக்குறை என் பின்கழுத்து. அங்கே கருமை படர்ந்திருந்தது. அழுக்கு என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலை மாவைப் பூசி, பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். "கழுத்தக் கழுவறதே இல்லியா கண்ணு நீ?" என்பாள். தோல் எரியும், கருமை போகாது. சங்கிலி பட்டுக் கறுத்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். சங்கிலியும் கழற்றப்பட்டது. கருமை அசைந்து கொடுக்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கு மருத்துவ முகாம் வந்தது. சோதித்த டாக்டரம்மா என் சடையைத் தூக்கிக் கழுத்தைப் பார்த்தார். அப்புறம் எடையைப் பார்த்தார். மறுநாள் அம்மாவை வரச் சொன்னார். அழுக்குக் கழுத்துக்காக அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்களே என்று எனக்கு மானம் போய்விட்டது. போய்வந்த அம்மா பீர்க்கங்காய் நாரைக் குப்பையில் போட்டாள். நான் குண்டாக இருப்பதுதான் ஏதோ குற்றம் என்று நானாகப் புரிந்துகொண்டு சோற்றைத் தொட மறுத்தேன். அழுது, கெஞ்சி, திட்டிப் பார்த்த அம்மா கடைசியில் தன் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

மாமாவுக்கு ஒண்டிப்புதூரில் லேத் பட்டறை. இனிப்பென்றால் உயிர். காபியில் சர்க்கரை குறைந்தால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, யாராவது கவனிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்று வந்தவர் தலையில் கைவைத்தபடி என் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்குச் சர்க்கரைன்னு சொல்லிப்போட்டாங்க அம்மணி. தெனமும் நடக்கோணுமாம், வாயக் கட்டோணுமாம். என்னைய நம்ப முடியாதுன்னு உங்கத்தை சொல்றா. நீ கூட இருந்து கொஞ்சம் பாத்துக்குறியா?"

ஒரு பெரியவர் என்னிடம் உதவி கேட்டது அதுதான் முதல்முறை. அழுகையை நிறுத்திவிட்டு அப்போதே பதவியேற்றுக்கொண்டேன். அவரிடம் ஒரு நிபந்தனை இருந்தது. அவர் தின்னாததை நானும் தின்னக்கூடாது, அவர் தின்பதை நானும் நேரத்துக்குத் தின்ன வேண்டும். பார்க்கவைத்துத் தின்றால் அவருக்கு அழுகை வந்துவிடுமாம். பாவம் என்று ஒப்புக்கொண்டேன்.

விடிந்ததும் குளக்கரையில் நடந்தோம். முதலில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. மாமா உடனே நின்று, "கால் வலிக்குது அம்மணி" என்பார். நான் அவரை அதட்டி நடக்கவைப்பேன். கரை முடிவில் இருந்த டீக்கடையில் பஜ்ஜித் தட்டின் பக்கம் அவர் திரும்பினால் சட்டையைப் பிடித்து இழுப்பேன். ரத்தம் எடுக்கப் போனபோது அவருக்கு ஊசி என்றால் பயமாக இருந்தது. தைரியம் சொல்வதற்காக நான் முதலில் கையை நீட்டினேன்.

என் அதிகாரத்தின் உச்சம் ஒரு கல்யாணப் பந்தி. மாமாவின் இலையில் நெய் மினுங்க ஒரு ஒப்புட்டு, வெல்லப் பூரணம் வைத்த போளி, விழுந்தது. எழுந்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "அவருக்குச் சர்க்கரைங்க, வெக்காதீங்க" என்று சொல்லி அதை எடுத்து அப்புறப்படுத்தினேன். மாமா எனக்கு எடுக்க வசதியாகக் கையை நகர்த்திக்கொண்டார். அன்றிலிருந்து சொந்தக்காரர் வீடுகளிலெல்லாம் அவருக்குச் சர்க்கரையில்லாத காபிதான் வந்தது.

அடுத்த கோடை விடுமுறையில் மறுபடி ரத்தம் கொடுத்தோம். முடிவு வந்ததும் அம்மா அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். "அண்ணனுக்குச் சரியாயிருச்சு கண்ணு" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டாள். அண்ணன்மேல் இத்தனை பாசமா என்று வியந்தேன். மாமா என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஜெயிச்சுப்போட்ட அம்மணி" என்றார். அன்று எனக்கிருந்த மிதப்புக்குத் தெருவே போதவில்லை. திரும்ப வந்துவிடக் கூடாதென்று அவருடைய காபித் தடையை மட்டும் நான் நீக்கவில்லை. சீருடைப் பாவாடையின் மடிப்பை அம்மா பிரித்துவிட்டதும், பின்கழுத்து வெளுத்துவந்ததும், வரிசையில் எனக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றதும் அந்தச் சந்தோஷத்தில் பெரிதாகத் தெரியவில்லை.

போன வருடம் மாமாவுக்குத் தலைசுற்றல் வந்தது. நான்தான் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சர்க்கரை இருக்கிறது, எத்தனை வருடமாக என்று டாக்டர் கேட்டார்.

"நான் ஏழாவது படிக்கிறப்பவே இருந்துச்சுங்க. நடந்து நடந்து சரி பண்ணிப்போட்டோம்" என்றேன்.

மாமா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு டாக்டரிடம், "இப்பத்தானுங்க மொதத் தடவ" என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் நின்றேன். அவரே சொன்னார். "உனக்குத்தான் அம்மணி அப்ப சர்க்கரை வாசல்வரைக்கும் வந்து நின்னுச்சு. அந்தக் கழுத்துக் கருப்பு அதுக்கு அறிகுறியாமா. பிள்ளையப் பயமுறுத்தாதீங்கன்னு அந்த டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க. என்ன பண்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆரோக்கியமான ஒரு மனிதர், காபிக்குச் சர்க்கரை கேட்டு மௌனப் போராட்டம் நடத்துகிறவர், இத்தனை வருடமாக ஊரெல்லாம் கசப்புக் காபி குடித்திருக்கிறார். என்றோ ஒருநாள் எனக்குத் தெரிந்துவிடுமோ என்று ஒரு சொந்தக்காரர் வீட்டில்கூட உண்மையைச் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "இந்தத் தடவ நெசமாத்தானுங்க மாமா, வாங்க" என்றேன். முனகிக்கொண்டே செருப்பை மாட்டினார். கரை முடிவில் அதே டீக்கடைக்காரர், தலை நரைத்துப்போய், கேட்காமலே சர்க்கரையில்லாத டீ இரண்டு கொண்டுவந்து வைத்தார். "பாப்பா நல்லா வளந்துருச்சுங்க" என்று மாமாவிடம் சொன்னார். மாமா தலையாட்டிய விதத்தில் இருவருக்கும் நடுவே பழைய பேச்சு ஒன்று இருப்பது தெரிந்தது.

அவருக்கும் தெரிந்திருக்கிறது. அம்மாவுக்கு, அத்தைக்கு, டீக்கடைக்காரருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. குணமாகிக்கொண்டிருப்பது யார் என்று தெரியாமல் அந்தக் குளக்கரையில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவள் நான் ஒருத்திதான்.