தலைமடைக் கோளாறு

சங்கிலிபூதத்தான் டீக்கடை ஹாஜாவுக்கு நாலாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பாளையங்கோட்டை முழுக்க நெஞ்சை நிமிர்த்தி நடந்த மனுஷன், அந்த டீக்கடையைத் தாண்டும்போது மட்டும் வானத்தில் இல்லாத காக்காயைப் பார்த்துக்கொண்டு போனார். போன் பில் கட்ட வழியில்லாமல் அவருடைய எஸ்.டி.டி. பூத்துக்கு இணைப்பு அறுபட இருந்தபோது ஹாஜா கொடுத்த பணம் அது. ஈடாக அவர் கேட்டது பூத்தில் கிடந்த சுழல் நாற்காலி. மாசக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் அது டீக்கடைக் கல்லாவுக்குப் போய்விடும்.

லேசுப்பட்ட நாற்காலியா அது! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, கன்னடியன் கால்வாயில் நீர் பாய்ச்சி, தொலைபேசிக் கம்பத்துக்குக் குழி தோண்டி, எவன் தயவும் இல்லாமல் கடை போட்டவர் முதல் வருமானத்தில் வாங்கியது. அதில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினால் கலெக்டரே கொஞ்சம் குட்டையாகத்தான் தெரிவார்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பூத்துக்கு மேல்மாடியில் சித்ரலேகா கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் சின்ன ஆபீஸ் வைத்திருந்தாள். வள்ளியூர் லாரி சர்வீஸ்காரர் ஒருவர் எஸ்.டி.டி. செலவுக்குப் பயந்து, வெளியூர்க் கிளைகளோடு இண்டர்நெட் வழியாகப் பேச ஏற்பாடு செய்திருந்தார். பேச்சு பாதியில் அறுந்து அறுந்து போகும். எங்கே அறுந்தது என்று தடம் பிடிக்க அவள் ஒரு புரோகிராம் செய்தாள். கூப்பிட்டது, மணி அடித்தது, எடுத்தது, குரல் போனது, வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு விளக்கு. பச்சை என்றால் சரி, சிவப்பு எரிந்த இடத்தில் கோளாறு.

அதற்கு அவள் எழுதிய தமிழ் விளக்கப் புத்தகத்தை லாரி ஆபீஸ் கிளார்க் இசக்கியப்பன், "இது என்ன, கோயில் கல்வெட்டா?" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

"நான் சொல்லுதேன், நீ டைப் அடி தாயி. டயல் சுத்தத் தெரியாதவனையெல்லாம் துபாய்க்குப் பேச வச்சவன் நான்," என்றார் சங்கிலிபூதத்தான்.

"புத்தகத்தை மட்டும் பாத்து இசக்கியப்பன் கோளாறைக் கண்டுபிடிக்கணும் அண்ணாச்சி. அப்பத்தான் பணம் வரும். அதுல நாலாயிரம் உங்களுக்கு."

அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். 'இங்கன செவப்பு எரிஞ்சா இங்கன உள்ள மைக்கைப் பாரு. அங்கன எரிஞ்சா அங்கன பாரு.' திரையிலும் அதே பெயர்களைப் போட்டாயிற்று. பச்சைப்பிள்ளைக்கும் புரியும் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

சோதனை நாளில் சித்ரலேகா வள்ளியூரைக் கூப்பிட்டு, வேண்டுமென்றே தன் மைக்கைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு ஊர்த் திரையிலும் 'இங்கன' என்ற இடத்தில் சிவப்பு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் வள்ளியூர்க் குரலும் நின்றுபோயிற்று. கீழே பூத்தில் போன் அடித்தது. சங்கிலிபூதத்தான் இறங்கி ஓடி எடுத்தார்.

"அண்ணாச்சி, இங்கன மைக்கைக் கழத்தித் திருப்புளி போட்டுப் பிரிச்சிட்டேன். இனி என்ன?" என்றான் இசக்கியப்பன்.

"ஏலே, இங்கன உள்ளதப் பாக்கச் சொன்னா, நீ ஏம்லே அங்கன உள்ளதக் கழத்துத?"

"நான் எங்க அங்கன கழத்துனேன்? இங்கனதான் கழத்துனேன்!"

"அதுதாம்லே அங்கன!"

"உமக்கு அங்கன. எனக்கு இங்கன வே!"

வாசலில் நின்று கேட்ட ஹாஜா, காலி டீ கிளாஸை ஏந்தியபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாற்காலி இங்கனயே கிடக்கட்டுமா அண்ணாச்சி, இல்ல அங்கன கொண்டுட்டுப் போவட்டுமா?"

அன்று சாயங்காலம் வரை சங்கிலிபூதத்தான் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்தார். டீக்கடை முன்னால் வந்தது, பின்னால் போனது, மறுபடியும் முன்னால் வந்தது. சட்டென்று காலை ஊன்றி நிறுத்தினார். ஆள் திரும்பினால் இங்கனயும் அங்கனயும் அல்லவா கூடவே திரும்புகின்றன! மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டினார்.

"தாயி, கால்வாயில தண்ணி முதல்ல பாயுத வயல் தலைமடை. கடைசியில பாயுதது கடைமடை. கடைமடைக்காரன் தலைகீழா நின்னாலும் அவன் வயல் தலைமடை ஆவாது. கூப்பிட்ட பக்கம் தலைமடை, எடுத்த பக்கம் கடைமடைன்னு போடு!"

"குரல் ரெண்டு பக்கமும் பாயுமே அண்ணாச்சி?"

"பாயட்டும். மடையத் தொறந்தது யாரு? கூப்பிட்டவன்தான? அவன் தலைமடை."

அவள் புத்தகத்திலும் திரையிலும் மாற்றி அடித்தாள்.

மறு சோதனையிலும் வள்ளியூரைக் கூப்பிட்டு, தங்கள் மைக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தார்கள். ஸ்பீக்கர் கரகரத்தது.

"அண்ணாச்சி! தலைமடையில செவப்பு எரியுது. கோளாறு உம்ம பக்கந்தான். மைக்கைச் சொருகும் வே!"

சித்ரலேகா சொருகியதும் மைக்கை வாய்க்குள் விடாத குறையாக அவர் கத்தினார். "புஸ்தகம் எழுதுனது யாருலே?"

"நீருதான், நீருதான். பையப் பேசும், காது கிழியுது!"

மாசக் கடைசிக்கு முந்தின நாளே லாரிக்காரர் பணம் அனுப்பிவிட்டார். சங்கிலிபூதத்தான் தன் நாலாயிரத்தை வாங்கி, வெள்ளைவேட்டி மாற்றிக்கொண்டு, டீக்கடையில் கூட்டம் கூடும்வரை பொறுத்திருந்து போனார்.

"மேசையில வையுங்க அண்ணாச்சி, எண்ணிக்கிடுதேன்."

"கைய விரியும் வே."

ஹாஜா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். தெருமுனை வரை கேட்கும்படி நூறு, இருநூறு என்று எண்ணிக்கொண்டு போனவர், இரண்டாயிரத்தில் கணக்குத் தப்பிவிட்டதாகச் சொல்லி மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். பாய்லரில் பால் பொங்கியது. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாலாயிரம் என்று சொல்லி, கடைசி நோட்டை விரிந்த உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் அழுத்திவிட்டுத்தான் கையை எடுத்தார்.