ஸ்கேன் அறையில் ஒரு நிலநடுக்கம்

ஸ்கேன் எடுப்பது என் தொழிலில் பாதிதான். மீதிப் பாதி, முட்ட முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு பெஞ்சில் நெளிகிற பெண்களைச் சமாளிப்பது. அந்த பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை. உட்காராத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன்: வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைப் பார்க்க வேண்டுமென்றால் மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் குடல் ஒதுங்கி வழிவிடும், படம் தெளிவாக விழும். அதனால் நாங்கள் "இன்னும் ஒரு டம்ளர்" என்போம், அவர்களும் நம்பிக் குடிப்பார்கள்.

கரண்ட் போகும் நேரம்

எங்கள் கிளினிக் யாங்கோனில், பபேடான் பகுதியில், ஜவுளிக்கடைக்கும் பிரியாணிக்கடைக்கும் நடுவே இருக்கிறது. இந்த ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். அந்த முறையும் பல நாள் பொய்த்துப் போகும். போனால் கீழே சந்தில் இருக்கும் ஜெனரேட்டரைப் போட வேண்டும். அது பழைய லாரி இன்ஜின் போல இருமி, உறுமி, ஒருவழியாக ஓட ஆரம்பிக்கும்போது தரையே அதிரும். அதற்குப் பிறகு ஸ்கேன் மெஷின் கண் விழித்து வரச் சிறிது நேரமாகும். அதுவரை பெஞ்சில் இருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்பதை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் ஜெனரேட்டரும் மக்கர் செய்தது. காய்கறி விற்கிற ஒரு தமிழ் அம்மாள் இடுப்பில் சுற்றியிருந்த லோன்ஜியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். இங்கே நர்ஸையும் டாக்டரையும் எங்களைப் போன்றவர்களையும் பெண்ணாக இருந்தால் 'சயாமா' என்றுதான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள், கரண்ட் வந்துவிடும் என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கரண்டு வர்றதுக்குள்ள எனக்கு வந்துரும் சயாமா."

குடிக்காத தண்ணீர்

அந்த பெஞ்சுக்குத்தான் வள்ளி வந்தாள். மாண்டலேயில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், வயது முப்பதுக்குள். பூகம்பத்தில் வீடு இடிந்தபின், புருஷன் செல்வத்தோடு (இந்த ஊர் மரியாதைப்படி கோ செல்வம்) பபேடானில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வந்துவிட்டாள். பூகம்பம் வந்த நாளிலிருந்து மாதவிலக்கு வரவில்லை. குழந்தைக்காகக் காத்திருந்த தம்பதி. வேறொரு இடத்தில் பார்த்தபோது, முட்டையெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி கர்ப்பப்பைக்கு வேலையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது நிஜமா என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள்.

நான் தண்ணீர் கொடுத்தேன். வள்ளி அதை வாங்கிப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போய்விட்டு வந்து பார்த்தால் டம்ளர் அப்படியே இருக்கிறது. குடிங்கம்மா என்றேன். தலையாட்டினாள், குடிக்கவில்லை. மூன்றாம் முறை எனக்குக் கோபம் வந்துவிட்டது. தண்ணீரில் தூசி விழுந்திருக்கிறதா, இல்லை எங்கள் கிளினிக் தண்ணீர் இறங்காதா என்று கேட்டேன். அவள் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

கோ செல்வம் எழுந்து என்னை ஓரமாகக் கூட்டிப்போனார். இரும்புக்கடையில் வேலை பார்க்கிறவர், மெதுவாகப் பேசும் மனிதர். எங்கே உட்கார்ந்தாலும் அவளுக்கு எதிரில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தாக வேண்டும், தரை ஆடினால் முதலில் தண்ணீர்தான் காட்டும் என்பதற்காக, என்றார். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் இதே கதைதானாம். பிறகு, ஏதோ காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

"இவளுக்கு ரெண்டு டம்ளர் குடுத்துருங்க சயாமா. ஒண்ணு குடிக்க, ஒண்ணு பாக்க."

வாசற்படி

இரண்டு டம்ளர் யோசனை பலித்தது. வள்ளி படுத்தாள். ஜெல்லைத் தடவிப் பார்த்தேன். கர்ப்பப்பை சிறுத்திருந்தது. உள்ளே மெத்தைபோல் இருக்க வேண்டிய உட்சுவர், பென்சிலால் இழுத்த கோடு மாதிரி மெலிந்து கிடந்தது. இரண்டு பக்கமும் சூலகத்தில் பொடிப் பொடியாக முட்டைப்பைகள் இருந்தன. ஆனால் ஒன்றுகூட வளரவில்லை. எல்லாம் வரிசையில் நின்று, கூப்பிடட்டும் என்று காத்திருப்பவை போல இருந்தன.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் உறும, தரை அதிர்ந்தது. கட்டில் லேசாக ஆடியது. வள்ளி எப்போது இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்தபோது அவள் வாசல் நிலைக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். வயிறெல்லாம் ஜெல் வழிந்தது. ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையை என் பக்கம் நீட்டியிருந்தாள். ஜெனரேட்டர்தான், பயப்படாதே என்றேன். அவள் காதில் அது ஏறவில்லை.

மாண்டலேயில் அன்று என்ன நடந்தது என்று கோ செல்வம் பிற்பாடு சொன்னார். மாடிப்படிக்குக் கீழே மாட்டிக்கொண்டவளை மறுநாள்தான் தோண்டி எடுத்தார்களாம். அப்பேர்ப்பட்டவள், முன்பின் தெரியாத என்னையும் காப்பாற்றப் பார்த்தாள். அந்த நீட்டிய கையையும் அவள் சொன்னதையும் நான் இன்னும் மறக்கவில்லை.

"நீங்களும் இங்க வந்து நில்லுங்க சயாமா, மேல விழுந்துரும்."

மெயின் சுவிட்ச்

எங்கள் டாக்டர் மியா பர்மியர், மரியாதையாக டோ மியா என்போம். அவர் பர்மியில் சொல்வதைத் தமிழில் சொல்வதும் என் வேலைதான். கோ செல்வத்துக்குப் பர்மி தெரியாமலில்லை. ஆனால் வயிற்று விஷயத்தைத் தாய்மொழியில் கேட்டால்தான் மனசு நம்புகிறது என்பார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். மாதாமாதம் முட்டையை வளர்க்கச் சொல்லி உத்தரவு போடுவது மூளை. முட்டை தீர்ந்துபோயிருந்தால் மூளை விடாமல் கத்திக் கூப்பிட்டிருக்கும், அதற்கான ஹார்மோன் இரத்தத்தில் ஏறியிருக்கும். இங்கே அது தாழ்ந்து கிடக்கிறது. அதாவது முட்டைகள் இருக்கின்றன, மூளைதான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? மூளையில் ஆபத்தைக் காவல் காக்கிற இடம் ஒன்று உண்டு. வள்ளிக்கு அது இன்னும் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம் ஓயாதவரை, பிள்ளைக்கு ஏற்பாடு செய்கிற இடம் அடங்கித்தான் கிடக்கும். சரியாகச் சாப்பிடாததும் தூங்காததும் அதோடு சேர்ந்துகொண்டன என்றார். பிறகு வள்ளியைப் பார்த்து, இடிந்த வீட்டுக்குள் யாராவது குழந்தையைக் கூட்டி வருவார்களா, உங்கள் மூளை சரியாகத்தான் யோசித்திருக்கிறது என்றார்.

அதைத் தமிழில் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. எத்தனையோ வருஷமாக இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்க்கிறேன். அந்தக் கோடு மெலிந்திருந்தால் குறை என்று எழுதிக்கொண்டு போவேன். அது ஒரு காவல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மண்டைக்குள் இருக்கும் கையளவு சதை, வயிற்றில் இன்னும் உண்டாகாத பிள்ளைக்காக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோ செல்வம் தலைக்கு மேலிருந்த பல்பை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப பல்பு ஃபியூஸ் போகலை, மெயினைத்தான் அணைச்சு வச்சிருக்கு. அப்படித்தானே சயாமா?"

அண்ணியின் சந்தேகம்

அடுத்த முறை நாத்தனாரும் வந்தார். மங்களம் என்று பெயர். வள்ளி அவரை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஒதுங்கி நின்றாள். மங்களம் வாயாடி. ஆனால் கெட்டவர் இல்லை. தம்பிக்கு ஒரு பிள்ளை வேண்டும் என்று கோயில் கோயிலாக ஏறி இறங்கியவர். டாக்டரிடம் நேரே கேட்டுவிட்டார்: அதே பூகம்பத்தில் வீடிழந்த பக்கத்து வீட்டுப் பெண், கூடாரத்தில் இருக்கும்போதே கர்ப்பமானாள். அவளுக்கு மட்டும் மூளை இல்லையா? இவளுக்கு என்ன தனியாக?

நான் கொஞ்சம் மழுப்பித்தான் மொழிபெயர்த்தேன். டாக்டருக்குப் புரிந்துவிட்டது, சிரித்துக்கொண்டார். ஒரே மழையில் நனைந்த எல்லாருக்குமா காய்ச்சல் வருகிறது என்றார். ஒருவர் உடம்பு சீக்கிரம் மறக்கும், ஒருவர் உடம்பு மறக்காது, அதில் உயர்வு தாழ்வு கிடையாது. மனசுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒருவரிடம் வாராவாரம் வரட்டும், வயிறாரச் சாப்பிடட்டும், பயமில்லாத இடத்தில் தூங்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். பலன் நிச்சயமா என்று கேட்டதற்கு, பெரும்பாலும் திரும்பும், எப்போது என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

மங்களம் வள்ளியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப இவ மேல தப்பே இல்லைங்கறீங்க."

விழுந்தால் எழுந்துகொள்ளலாம்

பயமில்லாத இடம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பபேடானில் அப்படி ஓர் இடத்துக்கு எங்கே போவது? மங்களத்தின் வீடு ஐந்தாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மேலிருந்து கயிற்றில் பை கட்டி இறக்கித்தான் காய்கறி வாங்குவார்கள். கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். அந்த வீட்டில் வள்ளி படிக்கட்டில், செருப்போடு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோ செல்வம் கியாக்தானில் வீடு பிடித்தார். ஆற்று நடுவில் தீவுக்கோயில் இருக்கும் சின்ன ஊர் அது. மீன் பிடிப்பவர்களும் வயல்காரர்களும்தான் அதிகம். அங்கிருந்து தினமும் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு இரும்புக்கடைக்கு வந்து போனார். நல்ல சிமெண்ட் வீடு ஒன்று காலியாக இருந்ததாம். வேண்டாம் என்று மூங்கில் தட்டிச் சுவரும் ஓலைக்கூரையும் உள்ள வீட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம். எனக்கும் ஆச்சரியமாக இருந்தது, காரணம் கேட்டேன். அவருக்கு என்னைவிட ஆச்சரியம், இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பதுபோல.

"இது விழுந்தா தட்டி விட்டுட்டு எந்திரிச்சிரலாமே சயாமா."

வட்டம்

மழைக்காலம் முடிந்து மறுபடி ஸ்கேனுக்கு வந்தார்கள். வள்ளியின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது, இங்கத்துப் பெண்கள் சந்தனம்போல் அரைத்துப் பூசும் தனக்கா பூசியிருந்தாள். மாதவிலக்கு மட்டும் இன்னும் வரவில்லை. இந்தத் தடவையும் படம் மாறவில்லையென்றால் மாத்திரையோ ஊசியோ யோசிக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கோ செல்வம் பெஞ்சில் கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வள்ளி படுத்தாள். நான் கருவியை வைக்கப் போகும் நேரம் கரண்ட் போயிற்று. நான் வாசல் நிலையைத் திரும்பிப் பார்த்தேன். கீழே உறுமல், தரையில் அதிர்வு. வள்ளி கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினாள். கண்ணை மூடவில்லை. சுவர், ஜன்னல், விளக்கு, என் முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மூச்சை நீளமாக விட்டாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. ஆனாலும் இறங்கவில்லை.

மெஷின் விழித்தது, படம் வந்தது. அந்தப் பென்சில் கோட்டைக் காணோம். அந்த இடத்தில் தடித்த மெத்தை, மூன்று அடுக்காக, நன்றாகத் தெரிந்தது. வலது சூலகத்தில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம் இருந்தது. ஒரு முட்டைப்பை வளர்ந்து, வெடிக்கத் தயாராக நின்றது. யாரும் ஊசி போடவில்லை, யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. மூளை கூப்பிட்டிருக்கிறது. இந்தப் படத்தைத் தினம் பார்க்கிறவள்தான் நான். ஆனாலும் அன்று கருவியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. வள்ளி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டாள். நான்தான் தரை அதிர்வதைக் கண்டு பயந்துவிட்டேன் என்று நினைத்து எனக்குத் தைரியம் சொன்னாள்.

"ஜெனரேட்டர்தான் சயாமா. நீங்க பாருங்க."

இரண்டாம் சடங்கு

அதற்கப்புறம் இரண்டு வாரம் போயிருக்கும். காலையில் கிளினிக் திறந்ததும் மங்களம் தூக்குச்சட்டியோடு படியேறி வந்தார். பின்னால் கோ செல்வம், அவருக்குப் பின்னால் வள்ளி. சட்டியில் உளுந்தங்களி, நல்லெண்ணெய் மிதக்க மிதக்க. பெண் வயசுக்கு வந்தால் நம் வீடுகளில் கிண்டுவார்களே, அதே களி. மங்களம் பெஞ்சில் காத்திருந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்தார். யார் வீட்டில் விசேஷம் என்று ஒருத்தி கேட்க, மங்களம் தம்பி பெண்டாட்டியைக் காட்டினார். கேட்டவள் குழம்பிப்போனாள். கோ செல்வம் காது வரை சிவந்து சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். டாக்டர் டோ மியா விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்னொரு உருண்டை வாங்கிச் சாப்பிட்டார். பிள்ளை எப்போது என்று தன்னால் சொல்ல முடியாது, ஆனால் வாசல் திறந்துவிட்டது என்று மங்களத்திடம் சொன்னார். அதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே வரவில்லை.

வள்ளி ஓரமாக அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது. வலிக்கிறதா, மாத்திரை தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்குத் தோண்டி எடுத்தப்ப காலெல்லாம் கிழிஞ்சு கிடந்துச்சு சயாமா, எனக்கு வலிக்கவே இல்லை. அதுக்கப்புறம் எதுவுமே வலிக்கலை. இப்பத்தான் வலிக்குது."

இத்தனை வருஷத்தில், வயிற்றுவலி என்று சொன்ன ஒருத்தியைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, மாத்திரை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியது அந்த ஒரு தடவைதான்.